கட்டபெட்டுக்கு வந்த கடல்

கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடி மேலே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குள் கடலை வளர்க்கப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் நாங்கள் இருவர் மட்டும்தான், நானும் என் வீட்டுக்காரரும். ஊரில் எங்களைப் பைத்தியங்கள் என்றார்கள். பாதி சரி. அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடக் கூடாதே என்றுதான் நான் பைத்தியமானேன்.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. கட்டபெட்டுக்குக் கீழே எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம், மாமனார் கோயம்புத்தூரிலிருந்து வந்து வாங்கிப்போட்டது. பச்சை இலைக்குப் பாக்டரியில் கொடுக்கும் விலை பறிக்கிற கூலிக்கே காணாது என்று ஆனபோது பறிப்பதை நிறுத்தினோம். மருந்து அடிப்பதும் நின்றது. பறிக்காத தேயிலை சும்மா இருக்குமா? இடுப்பளவுச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிவிட்டது. நான் ஊரிலேயே ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் உலை கொதித்தது. அவருக்கு வேலை இல்லை. விடிந்ததும் வாசலில் நாற்காலியைப் போட்டு அந்தக் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். கோட்டும் மப்ளரும் போட்டுக்கொண்டு, எங்கோ புறப்பட்டவர் மாதிரி. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போதுமா என்றால் தலையாட்டுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மூன்று தலைமுறைக் கதையைக் கேட்டு வாங்கிவிடுகிற மனுஷன், பேச்சையே விட்டுவிட்டார்.

அந்தச் சித்திரையில் பக்கத்து ஊரில் எங்களைப் போன்ற ஒரு சின்னத் தோட்டக்காரர் மருந்தைக் குடித்து இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, வெளியிலேயே குளித்துத் தலை துவட்டும்போது இவர் சொன்னார்: "அவனுக்கு ரோதன தீந்துது புள்ள." வெகு நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. அதில் இரக்கம் இல்லை, பொறாமை இருந்தது.

மறுநாள் அவர் ரேஷன் வாங்கப் போன நேரத்தில் பின்பக்கத்து ஷெட்டைக் காலி செய்தேன். களைக்கு அடிப்பது, பூச்சிக்கு அடிப்பது, கொப்புள நோய்க்கு அடிப்பது, எதையும் விடவில்லை. மொத்தத்தையும் மூட்டை கட்டி, அக்கா புருஷன் ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். மருந்து கலக்கும் டிரம்மைக்கூட சாம்பலும் சோப்புத் தூளும் போட்டுக் கழுவி, மழைத் தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் கவிழ்த்தேன். சமையலறையில் தேங்காய் உடைக்கிற அரிவாளைக் கண்டாலும் பயம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததே எனக்கு இன்னொரு பயமாகப் போயிற்று.

அப்போதுதான் கோயம்புத்தூரில் இருக்கும் அவர் தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்று துணைக்குப் போனார். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி இருந்திருக்கிறது. தங்கையை உள்ளே அனுப்பிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவர், கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் இருந்தாராம். ஊர் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டுதான் வந்தார். "கல்லு மேல பூப் பூக்குது புள்ள. பூவில்ல, அதுக்கு உசுரு இருக்குது. கைய ஆட்டுது. ஆரஞ்சு மீனு ஒண்ணு அதுக்குள்ள பூந்து பூந்து தூங்குது. எங்கியோ கடலுக்கடியில கெடக்கறது, ஆஸ்பத்திரில வந்து பொழச்சுக் கெடக்குது பாரு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நம்ம ஊட்டுலயும் வெச்சுக்கலாமுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பொங்கலுக்குப் புதுத் துணி எடுத்துத் தருகிறேன் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். என் வளையல்கள் போயின. பேசாத புருஷனுக்குப் பக்கத்தில் வளையல் குலுங்கி என்ன ஆகப்போகிறது?

கோயம்புத்தூர்க் கடைக்காரர் கண்ணாடித் தொட்டி, பம்ப், ஹீட்டர், கடல் உப்புப் பொட்டலம், ஓட்டைகளுக்குள் சின்னச் சின்ன உயிர்கள் குடியிருக்கும் பாறைக் கல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் மொத்த வித்தையையும் சொல்லிக்கொடுத்தார். "செம்பு, பித்தள எதுவும் அந்தத் தண்ணிகிட்டப் போகப்படாதுங்க. செம்பு பட்டா பூவெல்லாம் செத்துரும். பிளாஸ்டிக்கு மட்டுந்தான். அப்புறம் ஒரு மாசம் வெறும் தண்ணி ஓடட்டும், அதுக்கு மேல மீன விடுங்க." வந்ததும் முதல் வேலையாகப் பித்தளைக் குடங்களையும் செப்புத் தவலையையும் பரண் மேல் ஏற்றினேன். மழைத் தண்ணீர் பிடிக்கிற நீல பிளாஸ்டிக் டிரம் சமையலறை ஓரத்தில் இருந்தது. அவரே அதை உருட்டி வந்து, உப்பைக் கலக்கி, துடுப்புப் போடுகிறவர் மாதிரி மூங்கில் கழியால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

செம்பு விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்டவர்கள், மாசக் கணக்கில் கேட்கவில்லை. காரணம் காலண்டர். ஆனி முடியப்போகிறது, ஆடி பிறந்தால் நல்ல காரியம் ஆகாது. "ஆவணி வரைக்கும் வெறுந் தண்ணியப் பாத்துட்டு உக்கார முடியாது புள்ள" என்றார். இருந்த கடைசி முகூர்த்தத்தில் தொட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து எல்லா மீனையும் ஒன்றாக விட்டோம். கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற கிருமிகள் தொட்டியில் ஊறி வளரத்தான் அந்த ஒரு மாசம் என்பது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒவ்வொன்றாக மிதந்தன. கடைசியில் அந்த ஆரஞ்சு ஜோடி மட்டும் மிஞ்சியது. மீன் கழிவில் ஊறும் அமோனியா பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

செத்த மீன்களை அவர் தேயிலைச் செடி ஓரத்தில் புதைத்தார். ஒவ்வொன்றைப் புதைத்துவிட்டு வரும்போதும் பேச்சு ஒரு சுற்றுக் குறைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசல் நாற்காலி காலியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். காலியாக இருந்தால் அவர் தொட்டி முன்னால் இருக்கிறார், நல்லது. ஆள் இருந்தால் தொட்டியில் ஏதோ செத்திருக்கிறது. இப்படிக் குறி பார்த்தே வீட்டுக்குள் நுழைந்தேன்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். தொட்டியில் தண்ணீர் வற்றி இறங்க இறங்க, உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன். உப்பு ஏறி ஏறி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதே வாரம்தான் ஐந்தாம் வகுப்பில், தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும், உப்பளம் அப்படித்தான் வேலை செய்கிறது என்று போர்டில் படம் போட்டுக் காட்டினேன். ஊருக்குத்தான் உபதேசம்!

ஆடிக் காற்றில் கற்பூர மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்து கரண்ட் போனது. இரண்டு நாள் வரவில்லை. ஹீட்டர் இல்லை, பம்ப் இல்லை. எங்கள் ஊர் ஆடிக் குளிரில் மனுஷனுக்கே பல் தந்தியடிக்கும். விறகடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டோம். மூச்சுக்குக் காற்று வேண்டுமே என்று ஒரு பிளாஸ்டிக் சொம்பு தேடி, மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினோம். நான் ஓய்ந்தால் அவர், அவர் ஓய்ந்தால் நான். "பாட்டில மாத்து புள்ள, ஆறிப்போச்சு!" என்று என்னை அவர் அதட்டினார். அவர் அதட்டிக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! வெளியே கூரைத் தகரம் பறந்துகொண்டிருக்க, உள்ளே நான் அழுக்குப் புடவையோடு சந்தோஷமாக இருந்தேன். கரண்டே வராமல் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

ஜோடி பிழைத்தது. அந்தத் தைரியத்தில் என் சங்கிலியைக் கொடுத்து, அவர் ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தப் பூவையே வரவழைத்தோம். கடல் சாமந்தி என்று பெயர். கூடவே கண்ணாடியில் பாசி மேய நத்தைகள், தண்டனிட்ட மாதிரி வளைந்த இரண்டு சிவப்பு இறால்கள். சாமந்தி கல்லில் ஒட்டி விரல்களை விரித்தது. ஆரஞ்சு மீன்கள் சுற்றிச் சுற்றி வந்து, தொட்டுப் பார்த்து, கடைசியில் உள்ளே புகுந்து படுத்துக்கொண்டன. அவர் சிரித்தார். சத்தம் போட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார்.

சில நாள்தான். நத்தைகள் பிடி விட்டுக் கீழே விழுந்தன. இறால்கள் புரண்டு கிடந்தன. சாமந்தி சுருங்கியது. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று டிரம்மில் புதிதாகக் கலக்கி மாற்றினோம். இன்னும் சுருங்கியது. திரும்பவும் மாற்றினோம். கொழகொழவென்று கரைந்து, வீடே நாறியது. கடைக்காரரிடம் சண்டை போட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே போனது. மாற்ற மாற்றத்தான் சாவு சீக்கிரம் வந்தது, அது எங்களுக்கு உறைக்கவில்லை. மீன்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பூ இருந்த இடத்தைத் தேடிவிட்டு, இரண்டும் ஹீட்டர் குழாயில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு கிடந்தன. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"என்ற கை பட்டா எதுவும் தங்காது புள்ள" என்றார் அவர். "தோட்டத்தப் பாத்தியில்ல."

நாற்காலி மறுபடி வாசலுக்குப் போனது. சவரம் நின்றது. எனக்கு வகுப்பில் நிற்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், சாப்பிடாமல், சேற்று வழியில் குடையோடு வீட்டுக்கு ஓடி, அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஓடி வருவேன். மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்து ஒருநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்: "என்ன டீச்சர், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" மீனுக்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அந்தம்மா மறுநாள் ஜெபத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

ஐப்பசி அடைமழை ஒரு நாள் விட்டுக் கொஞ்சம் வெயில் அடித்த மதியம், ஓடிப் போய்ப் பார்த்தால் நாற்காலி காலி. உள்ளே தொட்டி முன்னாலும் இல்லை. கட்டிலில் இல்லை. "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஷெட் கதவு திறந்திருந்தது.

அவர் ஷெட்டுக்கு வெளியே, டிரம்மைச் சாய்த்துப் போட்டு அதற்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே நீலத்தில் இன்னொரு டிரம். என்னைப் பார்த்ததும் விரலை நீட்டினார். நகக்கண்ணில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது மழத்தண்ணி டிரம்மில்ல புள்ள. அது ஷெட்டுக்குள்ள கெடந்துது, இந்தா பாரு. இது காப்பர் கலக்கற டிரம்மு. வாய் மடிப்புக்குள்ள பூரா இன்னும் பச்சப் பத்து ஒட்டியிருக்குது." மூச்சு விடாமல் பேசினார். கொப்புள நோய்க்குத் தேயிலையில் அடிக்கிற செம்பு மருந்து. பித்தளைக் குடத்தைப் பரணில் ஏற்றிய வீட்டில், கடலையே செம்பு டிரம்மில் கலக்கியிருக்கிறோம். "காப்பர் அடிச்ச பாத்தியில நத்தையே தங்காது, எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் புத்தி ஓடல பாரு! என்ற கையில்ல புள்ள. டிரம்மு!"

அவர் முகம் தெளிந்திருந்தது. என் முகம்தான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"மருந்து டிரம்மு ஷெட்டுலல்ல இருக்கோணும்? யாரு இதக் கழுவி சமையக்கட்டு ஓரத்துல கொண்டுபோயி வெச்சது?"

"நாந்தானுங்க. ரெண்டும் ஒரே நீலம், திருப்பி வெக்கறப்ப மாறிப்போச்சு."

"எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். டீச்சருக்குப் பொய்யா வராது? ஆனால் ஓடி வந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை. "ஷெட்டுல மருந்துன்னு ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் எடுத்துட்டேனுங்க. நீங்க எடுத்துக் குடிச்சுருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

அவர் நகத்திலிருந்த பச்சையைக் கால்சட்டையில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அப்ப உனக்குத் தெரியுமா?"

அத்தனை மாதமும் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், கண்டதையும் நினைக்கிற பீடை மனசு என்று. நான் நினைத்தது பொய்யாகத்தான் இருக்கும் என்ற ஒரு நூல் என் கையில் இருந்தது. அந்தக் கேள்வியில் அது அறுந்தது. எனக்குத் துக்கம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "நாஞ் செத்தா பரவால்லீங்களா? எனக்கு யாருங்க இருக்கா? சொல்லுங்க!" என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். அடித்தேன்கூட. அவர் தடுக்கவில்லை. நான் ஓய்ந்து டிரம்மின் மேலேயே உட்கார்ந்த பிறகு, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்:

"இப்ப இல்ல புள்ள. இப்ப அந்த ரெண்டு மீனுக்குத் தண்ணி மாத்தோணும்."

'இனிமேல் இல்லை' என்று அவர் சொல்லவில்லை. கேட்டு வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த 'இப்ப' போதும் என்று முகத்தைக் கழுவினேன்.

அன்றைக்கு மத்தியானமே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் குன்னூருக்குப் போய்ப் புது டிரம் ஒன்று வாங்கினோம். திரும்புகிற பஸ்ஸில் அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, டிரம்மைக் குறுக்கே எங்கள் இருவர் மடியிலும் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிரம்மைப் பின்னால் போடச் சொல்லி இரண்டு முறை சத்தம் போட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே வர வழி விட்டுவிடக் கூடாதென்று, கட்டபெட்டு வரும்வரை நான் அதை நகர்த்தவில்லை.