நாலு நாளைக்கு ஒரு வீடு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு ஜன்னலை நான் முழுசாகத் திறப்பதே இல்லை. திறந்தால் கம்பெனிப் புகை உள்ளே வந்து, துவைத்துக் காயப்போட்ட துணியிலெல்லாம் கரியாகப் படியும். துணியையாவது இன்னொரு முறை துவைக்கலாம். என் பெண்ணின் நெஞ்சை என்ன செய்ய? ஒன்பது வயசு. படி ஏறினால் இழுப்பு, பனி விழுந்தால் இழுப்பு. பள்ளிக்கூடப் பையில் பென்சில் டப்பாவோடு மூச்சுக்கு அடிக்கிற மருந்தும் போகும்.

முழுப்பரீட்சை லீவு விட்டதும் டாக்டர் சொன்னார், "கொஞ்ச நாள் புகை இல்லாத இடத்துல வெச்சிருந்து பாருங்கம்மா." அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். சென்னையில் தெற்கே, கடற்கரைப் பக்கம், நாலு நாள். இப்போதுதான் போனிலேயே படம் போட்டு, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு வீடு விடுகிறார்களே. பாக்கிங் செக்‌ஷனில் லீவு வாங்குவதற்காக நான் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் வீடு தேடுகிற வேலை என் கணவர் தலையில் விழுந்தது.

கண்டிஷனையெல்லாம் தெளிவாகச் சொல்லித்தான் விட்டேன். "பத்திரமான ஏரியாவா இருக்கணும். பொக வரக்கூடாது. ஒயின் ஷாப்பு பக்கத்துல வாணாம். புள்ளைக்கு எதுனா ஆச்சின்னா ஓடறதுக்கு ஆஸ்பத்திரி கிட்ட இருக்கணும்."

"நான் பாத்துக்கறேன்" என்றார்.

பத்து நாள், மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தார். என்ன ஆச்சு என்றால், "பேசிக்கினு இருக்கேன்" என்பார். முகத்தைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஒருநாள், "முடிஞ்சிடுச்சி. நல்ல பத்திரமான ஏரியா. ஸ்டேஷன்ல எறங்குனா அஞ்சு நிமிஷ நடை" என்றார். நானும் நம்பினேன்.

சென்ட்ரலில் இறங்கி வேறு வண்டி மாறுவோம் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாதி வழியில், வட சென்னையில் ஒரு ஸ்டேஷன் வந்ததும், "எறங்கு, எறங்கு" என்கிறார். பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறியது அந்த நாற்றம். எங்கள் ஊர் நாற்றத்துக்கு அது ஒன்றும் சளைத்ததில்லை.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. கூட்டிப் பெருக்கி, கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் இஞ்சினை அணைக்காமல் வரிசையாக நின்றன. அதற்கும் பின்னால் ஒரு புகைபோக்கி. புகையிலிருந்து தப்பிக்க ரயிலேறி வந்து, மறுபடியும் ஒரு புகைபோக்கி எதிரில்! அரை மணி நேரத்தில் பெண்ணுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ரயில் லைன் ஆட்களுக்கு ஒரு புத்தி உண்டு. வேலை தேடினாலும் மாப்பிள்ளை பார்த்தாலும், "நம்ம லைன்ல வருமா?" என்றுதான் முதலில் கேட்போம். வண்டி மாற வேண்டும் என்றால் அது வெளிநாடு. அந்தப் புத்திதான் இவரையும் பிடித்து ஆட்டுகிறது என்று நினைத்தேன்.

"ஏன்யா, உனுக்கு அறிவுன்னு ஒன்னு இருக்குதா? ஷிஃப்ட்டுக்கா போறோம், ஸ்டேஷன் பக்கத்துல ஊடு பாக்கறதுக்கு? புள்ள எப்பிடி இழுக்குது பாரு!"

அவர் மருந்தைக் குலுக்கி அவள் வாயில் அடித்துவிட்டு, முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "நானே பேசறேன், பாரு" என்று அவர் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கி, கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்து, நம்பரைப் போட்டேன். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

ஒரு அம்மாள் எடுத்தார். தேனாகப் பேச்சு. "ஃபேமிலியா? ரொம்ப நல்லது. குழந்தை இருக்கா? பக்கத்துலயே பார்க் இருக்கும்மா. எங்கேருந்து வர்றீங்க?"

"கும்மிடிப்பூண்டி."

"கும்மிடிப்பூண்டில எங்க? ஊருக்குள்ளயா, காலனியா?"

அது தெருப்பெயரைக் கேட்கிற கேள்வி இல்லை. சாதியைக் கேட்கிற கேள்வி. தமிழ்நாட்டில் யாருக்கு இது தெரியாது?

"காலனி" என்றேன்.

"சாரிம்மா, அந்தத் தேதிக்கு வேற ஆளுங்க வர்றாங்க. மறந்தே போயிட்டேன்" என்றார். எந்தத் தேதி என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

கணவர் அப்போதுதான் பேசினார். "ஏழு ஊட்டுல பேசுனேன். எல்லாரும் இதத்தான் கேட்டாங்க. இந்த ஊட்டுக்காரரு ஒருத்தருதான் எங்கன்னு கேக்கல. எத்தினி மணிக்கு வர்றீங்கன்னு கேட்டாரு."

பத்து நாளாக இதை வைத்துக்கொண்டு என்னிடம் மூச்சு விடவில்லை. பத்திரமான ஏரியா என்று நான் கேட்டேன். அவருக்குக் கிடைத்த பத்திரம் இதுதான். இவ்வளவு நேரம் இந்த மனுஷனையா திட்டினேன்? அந்த அம்மாளின் நம்பரை மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அடித்துக்கொண்டிருந்த மணியிடமே வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த என் பெண் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மூச்சு இன்னும் சீராகவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுச் சொன்னாள்.

"அம்மா, அடுத்த வாட்டி பொன்னேரின்னு சொல்லும்மா. ஊருக்குள்ளன்னு சொல்லு. அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

பொய் சொன்னதற்காக இவளை அடித்திருக்கிறேன் நான். அன்றைக்கு அதட்டக்கூட வாய் வரவில்லை. பிள்ளை சொல்வது நல்ல யோசனைதானே என்று ஒரு நிமிஷம் எனக்கும் பட்டது. அந்த அம்மாளையாவது மறந்துவிடுவேன். எனக்கு அப்படிப் பட்டதே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.