பாலகுருவும் பிரெஞ்சுப் பண்டங்களும்

நாரணாபுரம் பாலகுருவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் யாருமில்லை. சிறு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர், மருந்து நெடி ஒத்துக்கொள்ளாமல் அடுப்படிக்கு வந்தார். சிவகாசியில் ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடைக்கு மாஸ்டர் ஆனார். கடைப் பலகையில் பிரெஞ்சு என்று தொடங்கும் அயிட்டங்களைப் பார்த்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இதெல்லாம் பிரான்சிலிருந்தா வந்தது? செல்போனில் தேடித் தேடிப் படித்தார். படித்ததை வைத்து எங்கள் உயிரை வாங்கினார்.

எனக்குப் பக்கத்து அச்சகத்தில் வேலை. ஒருநாள் நல்ல பசியில் போய் பிரெஞ்சு ஃப்ரைஸ் கேட்டேன்.

"அது எங்க பண்டம்னு பெல்ஜியத்துக்காரன் சண்டை பிடிக்கான், தெரியுமா அண்ணாச்சி? பிரெஞ்சு பீன்ஸு அமெரிக்காப் பக்கம் வெளைஞ்சது. பிரெஞ்சு டோஸ்ட்டா? பிரான்ஸ்னு ஒரு நாடு வாரதுக்கு முன்னாலயே ரோமாபுரியில ரொட்டியப் பால்ல நனைச்சுப் பொரிச்சுத் தின்னுருக்கான். நம்ம ஆளு அதைப் பாம்பே டோஸ்ட்டுங்கான்!"

அவர் பேசி முடிப்பதற்குள் எண்ணெயில் கிழங்கு கருகிப்போனது. எனக்கு ஆத்திரம்தான். ஆனாலும் மறுநாளும் அங்கேதான் போனேன்.

போன ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோனது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் திரும்பலாம் என்றார் டாக்டர்.

அவர் மனைவி முருகம்மாள் அக்காவுக்குத் தாயில்பட்டியில் பட்டாசு வேலை. தீபாவளி சீசனில் லீவு கிடைக்காது. காலையில் கம்பெனி வேன் வரும்வரை பேசினார். சாயங்காலம் வந்து கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பேசினார். ரேஷன் கடை, சொந்தக்காரர் கல்யாணம், பக்கத்து வீட்டு ஆடு. எதற்கும் பாலகுருவின் வாய் அசையவில்லை. அப்போதுதான் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. தப்பாகச் சொன்னால் இந்த மனுஷனுக்குப் பொறுக்காதே!

நான் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா பாலில் நனைத்துப் பொரித்த ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இதைக் கண்டுபிடிச்சது பிரெஞ்சுக்காரன்தான். கிழங்கும் அவன்தான், பீன்ஸும் அவன்தான். இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க பாப்பம்!"

பாலகுரு அவரையே பார்த்தார். தாடை கோணிக்கொண்டு நடுங்கியது. வார்த்தை வந்துவிடும் என்றே நானும் நம்பினேன்.

"ஏன் பாத்துக்கிட்டே இருக்கீக? திட்டுங்க. ஒரு வார்த்தை திட்டுங்க" என்று அக்கா அழுதார். தட்டை வாங்கிக் கையில் பிடித்தபடி நின்றேன்.

பாலகுரு மெல்லத் தலையை ஆட்டினார், ஆமாம், பிரெஞ்சுக்காரன்தான் என்று.