பூங்கனியின் மேசையில் இருக்கும் கை

மயிலாடிச் சந்தியில் என் சாயாக்கடைக்கு நேர் எதிரே பூங்கனி ரத்தப் பரிசோதனைக் கூடம் திறந்தபோது நான் மனசார வாழ்த்தினேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். காலையில் ஆள் வரும், சாயா ஓடும் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் ஓடவும் செய்தது. அப்புறம் சண்டை வந்தது.

சண்டைக்குக் காரணம் கட்டஞ்சாயா. சர்க்கரை பார்க்க வருகிறவர்களை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்பாள். அவர்களும் இட்லியைத் தொடாமல், புட்டைத் தொடாமல் பஸ் ஏறி வருவார்கள். இறங்கியதும் நேரே என் கடை. கருப்பட்டி போட்டு ஒரு கட்டஞ்சாயா குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவார்கள். பால் விடாத சாயா எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் சேராது. "ஒண்ணும் திங்கல்ல மக்ளே" என்று பூங்கனியிடம் சொல்லும்போது, பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தோன்றாது. சர்க்கரை மட்டும் எகிறிப்போய் நிற்கும்.

ஒருநாள் கையுறையைக்கூடக் கழற்றாமல் ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"அக்கா, டாக்டருக்க சீட்டோட வாறவங்களுக்கு சாயா குடுக்காதிங்க."

"நான் சாயா விக்கியவளாக்கும். வாறவனுக்க வயித்துக்குள்ள எட்டிப் பாக்கவா முடியும்?"

"வயித்தப் பாக்காண்டாம். முழங்கையப் பாருங்க. பஞ்சு ஒட்டியிருந்தா குத்தியாச்சு. அவங்களுக்குக் குடுங்க. பஞ்சு இல்லண்ணா என்கிட்ட அனுப்புங்க."

அன்று அவளை நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து என் கடையில் பஞ்சு இருந்தால் சாயா, இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம். இப்போது சந்தியில் சும்மா சாயா குடிக்க வருகிறவனிடம்கூட "பஞ்சு எங்கலே" என்று கேலி பண்ணுகிறார்கள்.

பூங்கனிக்கு ஊர் மணவாளக்குறிச்சி. நாகர்கோவிலில் படித்தாள், மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், கல்யாணம் ஆகித் திரும்பி வந்தாள். சொந்த ஊரிலேயே கடை போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "சொந்தக்காரங்களக் குத்தினா கொழந்த பெறும்போதும் கல்யாணத்துலயும் அதச் சொல்லிக் காட்டுவாங்க அக்கா" என்றாள். அதனால் தினமும் ஸ்கூட்டரில் இவ்வளவு தூரம் வருகிறாள்.

அவள் வேலை செய்வதைக் கடையில் நின்றே நான் பார்ப்பேன். அவளுடைய கதவு கண்ணாடிக் கதவு. வந்தவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைப்பாள். "ஊசி குத்தினா தல சுத்துமா?" என்று கேட்பாள். சுத்தும் என்றால் கட்டிலில் படுக்க வைப்பாள். எத்தனை தடியனாக இருந்தாலும் சரி. ஸ்பிரிட் போட்டுத் துடைத்த இடம் தானாகக் காயும்வரை ஊசியை எடுக்க மாட்டாள். கூட வந்தவர்கள் உதவி செய்கிறோம் என்று வாயால் ஊதிவிட்டால், முறைத்துவிட்டு முதலிலிருந்து துடைப்பாள். ஊசியை எடுத்ததும், "அமுக்கிப் பிடிங்க, தேய்க்காதிங்க, கைய மடக்காதிங்க" என்பாள். எங்கள் ஆட்கள் தைலம் தேய்ப்பது போல நன்றாகத் தேய்ப்பார்கள். மறுநாள் அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கும். அதைக் கொண்டுவந்து அவளிடமே சண்டை போடுவார்கள்.

ஒரு பழக்கம் உண்டு அவளுக்கு. நரம்பைத் தேடும்போது ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுகிற பாட்டை முனகுவாள். முனகல் நின்றால் ஊசி வருகிறது என்று ஊருக்கே தெரிந்துபோய், நின்ற உடனே எல்லோரும் கையை விறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். இப்போது பாட்டின் நடுவிலேயே குத்திவிட்டுத் தொடர்ந்து பாடிக்கொண்டிருக்கிறாள்.

இனி என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன்.

அவர் பெயர் முத்துநாயகம். கல்லில் சாமி சிலை செய்கிறவர். சின்ன வயதிலிருந்து உளி பிடித்த கை. முழங்கைக்குக் கீழே நரம்புகள் கொடிக்கயிறு போலப் புடைத்துக் கிடக்கும். கல் தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தார். எங்கள் மகன் ரதீஷ் தோஹாவிலிருந்து லீவில் வந்து, தகப்பனைக் குண்டுக்கட்டாகத் தூக்காத குறையாக நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தான். அவன் இருக்கும்போதே அது நடந்துவிட வேண்டும். இந்த லீவு முடிந்தால் அடுத்த வருஷம்தான் வருவான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. வாய்தான் எனக்குப் பெரிசு, நெஞ்சு அப்படி இல்லை.

ஆப்பரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். நம்ம பூங்கனி இருக்கிறாளே என்று இங்கேயே கொடுத்தோம். எல்லாம் ஒழுங்கு, பொட்டாசியம் மட்டும் கூடுதல். டாக்டர் நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. "கிட்னியில கோளாறு இருந்தா இப்படி வரும். ரத்தம் எடுக்கும்போது ஏதாவது நடந்திருந்தாலும் வரும். இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க. இது குறையாம மயக்க மருந்து கொடுக்க முடியாது. அதுவரைக்கும் வாழைப்பழம், இளநீர் வேண்டாம்" என்றார். இத்தனையில் என் காதில் விழுந்தது கிட்னி ஒன்றுதான்.

ஊருக்குத் திரும்பியதும் கடையில் தொங்கிய மட்டி வாழைக்குலையை அப்படியே தூக்கி அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு மட்டிப்பழம் இல்லையென்றால் அந்த மனுஷனுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆடு தின்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனாலும் கீரையிலும் பொட்டாசியம் உண்டு என்று யாரோ சொன்னதால், அதை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் வைத்தேன்.

இரண்டாம் முறை நானே கூடப் போனேன். பூங்கனி ரப்பர் பட்டையைக் கட்டி, "கைய மூடுங்க அண்ணாச்சி" என்றாள். சும்மா நிற்க முடியுமா என்னால்? "நல்லா முறுக்குங்க, நல்ல ரத்தமா வரட்டு" என்றேன். அதற்குள் பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஏசுஅடிமை சரிந்தான். கல் தூக்குகிற கிரேன் ஓட்டுகிறவன், ஆள் ஒரு மதில் அளவு இருப்பான். அவனுக்கு ஊசிகூடப் போடவில்லை, ஊசியைப் பார்த்ததற்கே மயங்கிவிட்டான். பூங்கனி பட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடி, அவனைத் தரையில் நீட்டிப் படுக்க வைத்து, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். அவன் கண் திறந்து, "எவன்லே என்னைத் தள்ளினது?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் வந்து மறுபடி பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்தாள்.

அந்த ரத்தத்தில் பொட்டாசியம் முன்னைவிடக் கூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில், அடுத்த பரிசோதனையும் சரியாக வராவிட்டால் அந்த நாளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். ரதீஷ் லீவை நீட்டிக் கேட்டான், கிடைக்கவில்லை. நான் நடு ரோட்டில் நின்று பூங்கனியைக் கிழித்துவிட்டேன். "ஒனக்க மெஷினத் தூக்கிக் கடலுல போடுட்டி" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் எங்கள் சிற்பக் கொட்டகைக்கு அவளே வந்தாள். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடி ஒரு அம்மன் சிலைக்கு விரல் திருத்திக்கொண்டிருந்தார். கனமான வேலை கூடாது என்று சொல்லியிருந்ததால் அந்தச் சின்ன வேலை.

"எனக்கு மனசு கேக்கல்ல அக்கா. மெஷின திரும்பவும் பாத்தேன், அதுல குத்தம் இல்ல. ரத்தமும் குழாயில ஒடஞ்சு கலங்கல்ல" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போகாமல் அவர் வேலை செய்வதையே பார்த்தபடி நின்றாள். சுத்தியல் ஒவ்வொரு தடவை விழும்போதும் உளி பிடித்த இடது கை இறுகும், தளரும். இறுகும், தளரும்.

"அண்ணாச்சி, நான் கைய மூடச் சொன்னனே. எப்பிடி மூடினிய? ஒருக்கக் காட்டுங்க."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டினார். மூடினார். மூடிய கையை முறுக்கினார், விட்டார், மறுபடி முறுக்கினார். சிலை கொத்துகிற அதே தாளம். முழங்கைக்குக் கீழே சதை ஏறி இறங்கியது.

பூங்கனி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"என்னட்டி சிரிப்பு?"

"எனக்க தப்பாக்கும் அக்கா. பட்டையக் கட்டிட்டு கைய இந்தப் போடு போட்டா, சதையில கெடக்க பொட்டாசியம் ரத்தத்துல எறங்கிரும். கிட்னி பாவம், அது அதுக்க வேலையப் பாத்துட்டு இருக்கு. அண்ணாச்சிக்க நரம்பு நல்லா புடைச்சிக் கெடந்துது. நரம்பு கிடைக்காதவங்கன்னா நான் கைய ஒழுங்காப் பாப்பேன். இதுல நரம்ப மட்டும் பாத்தேன், கைய ஒருக்கக்கூடப் பாக்கல்ல."

"நான் வேற முறுக்கு முறுக்குண்ணு சொன்னேன்" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்துது. கையை மூடாம, முடிஞ்சா பட்டையும் கட்டாம எடுத்துப் பாருங்க" என்றார் அவர்.

மூன்றாம் முறை கொட்டகையிலேயே எடுத்தாள். அப்போதுதான் இன்னொரு வில்லங்கம் தெரிந்தது. அவருக்குக் கையைத் தளர விடத் தெரியவில்லை. "சும்மா போடுங்க அண்ணாச்சி" என்றால், போட்ட கை தானாகவே உளியைப் பிடிப்பதுபோல மடங்கிக்கொண்டது. கடைசியில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை விரித்து, அவர் கையை அதன்மேல் வாங்கிக்கொண்டேன். பாறை மாதிரி கனத்தது. கொஞ்ச நேரத்தில் மெதுவாக இளகியது. பூங்கனி பாடிக்கொண்டிருந்தாள். ஊசி எப்போது போனது, எப்போது வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எல்லாம் சரி என்று கையைக் காட்டினாள். பொட்டாசியம் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். நான் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் பயந்துபோய் எழுந்துவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னால், அவர் கேட்ட முதல் வார்த்தை, "பழம் எங்கட்டி?"

ஆப்பரேஷன் குறித்த நாளில் நடந்தது. வராந்தாவில் ரதீஷ் என் பக்கத்தில் இருந்தான். தைரியம் சொல்ல வந்தவன் கதவுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டே இருந்தான், பிள்ளைதானே. தகப்பன் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

வீட்டில் ஓய்வாக இருக்கச் சொன்னால் அவர் இருப்பாரா? மடியில் வைக்கிற அளவு ஒரு கருங்கல் துண்டை எடுத்துக்கொண்டார். "கையக் காட்டு" என்று என்னை எதிரே உட்கார வைத்தார். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாக விரிந்து இருக்க வேண்டுமாம்.

"இறுக்காத பிள்ளே. சண்டைக்குப் போறவ மாதிரி வச்சிருக்க" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் கையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் அந்தக் கல் கையைக் கொண்டுபோய் பூங்கனியின் மேசையில் வைத்தோம். "இனி யார்கிட்டயும் கைய மூடச் சொல்லாண்டாம். இதுக்க மேல வைக்கச் சொல்லு, போதும்" என்றார். அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. முதல் ஆளை உட்கார வைத்துக் கையை அதன்மேல் வைத்தாள். நரம்பைத் தேடினாள், காணோம். பாட்டு இரண்டு தடவை முடிந்தது, அப்போதும் காணோம்.

"அண்ணாச்சி, கோவிக்காதிங்க. கல்லு ஒரே தணுப்பு. தணுப்பு பட்டா நரம்பு உள்ள போயிரும்" என்றாள்.

கல் குளிரும் என்பதை நினைக்காத என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் தன் பையிலிருந்து ஒரு பூத்துவாலையை எடுத்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல அந்தக் கையைச் சுற்றிக் கட்டினாள். நகம், ரேகை என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. ஆனால் அடுத்த ஆளின் நரம்பு உடனே கிடைத்தது.

இப்போதும் காலையில் கடையில் நின்று பார்க்கிறேன். பயந்து வருகிறவர்கள் அந்தத் துவாலைமேல் கையை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏசுஅடிமைகூடப் படுத்துக்கொண்டே அதை நெஞ்சுப் பக்கம் இழுத்து வைத்துத்தான் ஊசிக்கு நீட்டுகிறான். பிறகு பஞ்சை அமுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சாயாவை நீட்டுவதும் அதே கைதான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.