துரை பார்க்க வந்த ஆறு

முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் நடத்தினேன். அணிகள் வரும் பாடம் என்றால் எனக்குத் தனிக் குஷி. உள்ளதைப் பத்து மடங்காக்கிச் சொல்வது ஓர் அணி. புகழ்வதுபோலக் குத்துவது இன்னோர் அணி. மற்றவர்கள் இவற்றைப் புத்தகத்தில் படித்தார்கள். எங்கள் ஊர் இரண்டையும் ஒரே கோடையில் பட்டுத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டது என்று சொல்வதுகூடத் தப்பு.

கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த பெரக்கரை நாட்டில் எங்கள் ஊர். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம், எனக்குப் பத்து வயது. அடிவாரத்தில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த ஒரே மலைப்பெண் நான்தான். மூன்று வருஷத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு லீவுக்கு ஊருக்கு வந்தால் என் கால் தரையில் பாவாது. கோழியைக்கூட இங்கிலீஷில்தான் விரட்டுவேன்.

அந்த வருஷம் காட்டிலாகாக்காரர்கள் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஓடைக்கு அந்தப்புறம் நிற்கவேண்டிய கல் இந்தப்புறம் நின்றது. அதனால் எங்கள் மிளகுச் சரிவு முழுவதும் சர்க்கார் காடாகிவிட்டது. பாட்டன் காலத்துப் பலாமரங்கள், அவற்றில் ஏறிய கொடிகள், எல்லாம் போயிற்று. இனி அங்கே ஒரு காய் பறித்தாலும் வழக்குத்தான் என்று காட்டைக் காவல் காக்கும் கார்டு சொல்லிவிட்டார். மிளகு போனால் ஊருக்கு உப்பும் இல்லை, துணியும் இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமன், காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிப் போய் எங்கள் மிளகை வாங்கும் மண்டிக்கார ராவுத்தரிடம் முறையிட்டார். ராவுத்தரின் மைத்துனர் மனு எழுதுவதில் பேர்போனவர். சொன்னதைவிட இரண்டு பிடி அதிகமாகவே போட்டு எழுதுவார். காட்டிலாகாவின் வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி, நகலும் ஒன்று கொடுத்தனுப்பினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டார்கள். நான் ஊரில் இருந்திருந்தால் விட்டிருப்பேனா?

நான் லீவுக்கு வந்த வாரமே பதில் வந்துவிட்டது. ஊரே எங்கள் வாசலில் கூடியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எங்கள் கண்ணீர் ஆறாகப் பெருகி மலையிறங்கி ஓடுவதை அறிந்து துரை மிகவும் மகிழ்கிறாராம். வறண்டு கிடக்கும் தம் காடுகளுக்கு இப்படியோர் ஆறு கிடைத்தது இலாகாவின் பாக்கியமாம். நடமாடும் பிணங்களை அவர் இதுவரை கண்டதில்லையாம். அந்தப் பேறும் கிட்டப்போகிறதாம். வரும் வியாழக்கிழமை நேரில் வந்து இரண்டையும் கண்குளிரப் பார்ப்பாராம்.

முதலில் அம்மாதான் சொன்னாள்: “எத்தன மருவாதியா எழுதியிருக்காரு பாருங்க. நல்ல மனுசன்.”

எல்லாருக்கும் அப்படித்தான் பட்டது. மெத்தப் படித்த எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் இது எந்த ஆறு? அப்பா உள்ளே போய் மனுவின் நகலை எடுத்துவந்து நீட்டினார். அதையும் எல்லாருக்கும் கேட்கப் படித்துச் சொன்னேன். கண்ணீர் ஆறும் நடமாடும் பிணமும் மைத்துனரின் கைவரிசை. போதாததற்கு, துரையின் செருப்புத் தூசிக்கும் கீழான தூசி நாங்கள் என்று ஒரு வரி.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. “பொய்யில கைநாட்டு வெச்சுட்டமே கண்ணு,” என்றார்.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் சொன்னது பொய் என்று ஆகிவிட்டால், யாரிடம் சொன்னானோ அவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அவன் எந்த நியாயமும் கேட்க முடியாது. மிளகுச் சரிவு எங்களுடையதேயானாலும், இந்தப் பொய்யைக் கழிக்காமல் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. மாமன் மட்டும் வேறு யோசனை சொன்னார். ஓடையை மேலே அடைத்துவைத்து, துரை வரும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டால் ஆறு மாதிரிதானே இருக்கும் என்றார். அம்மா முறைத்த முறைப்பில் இரண்டு நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே சாப்பிட வரவில்லை.

வியாழக்கிழமை துரை சோளக்காட்டு வழியாகக் குதிரையில் வந்து சேர்ந்தார். வாலிப வயது. உதட்டோரம் ஒரு சிரிப்பு. இறங்கியதும் இறங்காததுமாக, ஆறு எங்கே என்று கேட்டார். கூட வந்த குமாஸ்தா வாயைத் திறப்பதற்குள் இருபத்திரண்டு பேரும் தரையில் விழுந்துவிட்டார்கள். துரை இப்படி எத்தனையோ கும்பிடுகளைப் பார்த்தவர்போலச் சலித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அப்பா எழுந்து, தான் சொல்வதை ஒன்றுவிடாமல் துரைக்குச் சொல்லும்படி என்னை முன்னால் நிறுத்தினார்.

“ஆறு இல்லீங்க. நாங்க யாரும் அழுவல, யாரும் சாவல. ராகி இருக்குது, சாமை இருக்குது, பட்டினியுமில்லீங்க. எழுதுனதுல மொளகுக் கொடி ஒன்னுதானுங்க நெசம். அதப் பாத்துட்டு நாயஞ் சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதைச் சின்னச் சின்னதாக ஒடித்துச் சொன்னேன். ஆறு இல்லை, அழுகை இல்லை, சாவு இல்லை என்று நான் விரலை மடக்க மடக்க, அவர் உதட்டுச் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. எங்களோடு சரிவுக்கு நடந்தார். பலாமரங்கள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்தார். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கல் அடுக்கி மண் அணைத்திருப்பதைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். தானாக முளைத்த காடு அப்படி இருக்காது என்பது யாருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா பலாச்சுளையில் தேன் ஊற்றி வைத்தாள். துரை அதைத் தொடாமல் என் உயரத்துக்குக் குனிந்து, தம் கடிதத்தை இவர்களுக்குப் படித்துக் காட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன், ஒரு சொல் விடாமல் சொன்னேன் என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்றார்.

அம்மாவைக் கை காட்டினேன். நீங்கள் எத்தனை மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் நல்ல மனிதர் என்று அவள்தான் முதலில் சொன்னாள், அப்புறம் எல்லாரும் அதையே சொன்னார்கள் என்றேன். அம்மா தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து கைகூப்பினாள்.

துரையின் முகம் காது மடல்வரை சிவந்துபோயிற்று. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முன்னால் தலை குனிந்தபடி நின்றார். பிறகு கார்டைக் கூப்பிட்டு, தாம் மலையிறங்குவதற்குள் அந்தக் கல்லைப் பிடுங்கி ஓடைக்கு அந்தப்புறம் நடவேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனாலும் துரையைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. குளிர்தேசத்து மனிதர், எங்கள் மலை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தோளிலிருந்து குதித்து உள்ளே ஓடி அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.