விளம்பரத்துக்கு வாங்கிய மல்லிகை

‘பாலூட்டும் அறை’ என்று எழுதிய கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. சுவரெல்லாம் பட்டாம்பூச்சி, நடுவில் ஒரு சோபா. சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் காண்ட்ராக்டில் அசெம்ப்ளி லைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்கு அந்தச் சோபாவே சொர்க்கம்தான்.

குழந்தை பெற்ற உடம்பு தேறும் முன்பே வேலைக்குத் திரும்பியிருந்தேன். காண்ட்ராக்ட்காரிக்கு ஏது பிரசவ லீவு? மகளை அக்கா பார்த்துக்கொண்டாள். பகலில் பாட்டில். நைட் ஷிஃப்ட் போட்டதும் இரவிலும் பாட்டில். கொஞ்ச நாளில், நான் பால் கொடுக்க எடுத்தாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். பால் மட்டும் நிற்கவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். கக்கூஸில் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவேன். கம்பெனிக் கோட்டு நனைந்தால், “என்னம்மா, தண்ணி சிந்திக்கிட்டியா?” என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்பான். தெரிந்துதான் கேட்பான், நாசமாய்ப் போக.

அப்போதுதான் எச்.ஆர். மேடம் கூப்பிட்டு அந்த அறையைக் காட்டினார். “குழந்தைன்னு விளம்பரம் வந்தாலே கையில பாட்டில்தான். தாய்ப்பால் குடுக்கறதை அழகா, பெருமையாக் காட்டணும். நம்ம கம்பெனி விளம்பரத்துல நீங்கதான்.”

அவர் சொன்னது நியாயம். பால் கொடுக்கும் ஒருத்தியை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒத்துக்கொண்டது அதற்காக இல்லை. “அப்பறம் இந்த ரூம் உங்களுக்குத்தான். பாப்பாவ இங்கயே கூட்டியாந்து குடுக்கலாம்” என்றாரே, அதற்காக. தினமும் வாய் வைத்துப் பழக்கினால் பிள்ளை திரும்பிவிடும் என்று அக்காவும் சொன்னாள்.

ஷூட்டிங் அன்று பட்டுச்சேலை கட்டிவிட்டு, தலை நிறைய மல்லிகை வைத்தார்கள். அக்கா பிள்ளையைக் கொண்டுவந்தாள். மார்போடு சேர்த்தேன். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டாள். பால் அவள் கன்னத்தில் தெறித்தது. வெந்நீர் பட்ட மாதிரி இன்னும் கத்தினாள்.

“மகு அளபாரது,” என்று கேமராக்காரர் கன்னடத்தில் சிடுசிடுத்தார். குழந்தை அழக் கூடாதாம்.

“பாட்டிலக் குடுத்துத் தூங்க வைங்க. முந்தானை போட்டு மூடிக்கலாம், தெரியாது,” என்றார் மேடம்.

மகள் பாட்டிலைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டு என் மடியில் தூங்கிப்போனாள். அவள் முகத்தை என் மார்போடு சாய்த்து வைத்தார்கள். பால் ரவிக்கைக்குள் வடிந்துகொண்டே இருந்தது. சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

நாளைக்கு எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லட்டும் என்று கேட்டேன். மேடம் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். “காண்ட்ராக்ட் ஸ்டாஃபுக்கு இந்த ரூம் குடுக்க ரூல் இல்லம்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது.” ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பட்டுச்சேலையை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார். பூவை மட்டும், “நீங்களே வெச்சுக்கங்க” என்றார்.

வைத்துக்கொண்டேன். பால் வற்ற வேண்டுமென்றால் மாரில் மல்லிகை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, தலையிலிருந்த சரத்தை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே கட்டினாள். “இறுக்கிக் கட்டுக்கா,” என்றேன். அப்புறம் சில நாள் புதுப் பூ வாங்கிக் கட்டினோம். வற்றிவிட்டது.

பிறகு ஹைவேயில் போர்டு வைத்தார்கள். ‘தாய்மையைப் போற்றுகிறோம்’ என்று கொட்டை எழுத்து. கீழே பட்டும் பூவுமாக நான். பார்த்தவர்கள் எல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள். அழகாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

போர்டு இன்னும் நிற்கிறது, வெளுத்துப்போய். மகள் இப்போது நன்றாகப் பேசுகிறாள். போன வாரம் பஸ் ஜன்னல் வழியாக அதைக் காட்டி, “அந்தப் பாப்பா பால் குடிக்குதாம்மா?” என்றாள்.

“இல்ல கண்ணு, தூங்குது,” என்றேன்.