கறி படாத சட்டி

“...வேறெதை வேணும்னாலும் எடு, அந்தச் சட்டியை மட்டும் தொடாதே” என்று மார்வா சொன்னதும் என் கை பாதியில் நின்றது. தொண்ணூறுகளின் தொடக்கம், கிழக்கு லண்டனில் ஒரு சமூகக் கூடத்துச் சமையலறை. நிறவெறியர்கள் கல்லெறியும் வீடுகளுக்கு முறைபோட்டுக் காவல் நின்ற கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் ஜமைக்காக்காரி மார்வாதான் சமைத்துப் போடுவாள். நான் கோழி நறுக்கிக் கொடுக்கிறவன்.

சட்டியைத் தொடாதே என்றால் என்னவென்று ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பேட்டைப் பட்டறையிலிருந்து ஆழ்வார்திருநகரிப் பக்கம் கிணற்று மோட்டார் மாட்டப் போனால், தாகத்துக்குக் குனிந்து கையேந்துவேன், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஆறு பக்கத்தில்தான் ஓடும், செம்பு மட்டும் என் கைக்கு வராது. கடல் தாண்டியும் இதேதானா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். மார்வாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ராஸ்டா மார்க்கத்தாள், இறைச்சி தின்னாதவள், அது தன் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய சட்டி என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. கோழி நறுக்கிய கையோடு தொடாதே என்றிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் சட்டி கறியைத்தான் விலக்கியது, ஆளை அல்ல.

உடனே சிவகாமி ஞாபகம் வந்தது. நாங்கள் காவல் நின்ற வீடொன்றில் இருந்த திருநெல்வேலிச் சைவக் குடும்பத்துப் பெண். ஜன்னலில் கல் விழுந்ததிலிருந்து கடைக்குப் போகவும் பயந்து, பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கொடுத்துவிட்டு, தான் கடுங்காப்பியோடு கிடந்தாள். நாங்கள் அனுப்பிய சோறு மூடி திறக்காமலே திரும்பி வந்தது. வீட்டைக் காலி செய்யப்போவதாகச் சொன்னாள். அவள் போனால் அடுத்த கல் பக்கத்து வீட்டுக்கு. நான் பேட்டை என்றதுமே, எந்தத் தெரு என்று முன்பே கேட்டு வைத்திருந்தவள் அவள்.

கறியே படாத சட்டி ஒன்று இருக்கிறது என்று நான் போய்ச் சொன்னதும் பிள்ளைகளோடு கூடத்துக்கு வந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

“சட்டி சரி அண்ணாச்சி. பொங்குனது யாரு?”

“இவங்கதான்” என்று மார்வாவைக் காட்டினேன்.

“அடுப்பை விடச் சொல்லுங்க. நானே பொங்கிக்கிடுதேன். எல்லாருக்கும் சேத்தே பொங்குதேன்.”

இதை எப்படி மொழிபெயர்ப்பது? பாதியை விழுங்கினால் மார்வாவை ஏமாற்றுவதாகும். முழுதும் சொல்லி அவள் கோபப்பட்டால் சிவகாமி இனி எங்கள் கதவைத் தட்டமாட்டாள். சொல்லிவிட்டேன்: “உன் கையால் சாப்பிடமாட்டாளாம். நமக்குச் சமைத்துப் போடுவாளாம்.”

மார்வா என் பக்கம் திரும்பினாள். “உன் கையால்?”

“என் கையாலும்தான் மாட்டாள்.”

ஊரில் சிவகாமி வீட்டுச் சோற்றுக்கு நான் கொல்லைப்புறம்தான் நின்றிருக்க வேண்டும். மார்வா சட்டியிலிருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றி, கரண்டியைச் சிவகாமியிடம் நீட்டினாள். பிறகு மேசைக்கு வந்து, சிவகாமி பரிமாறட்டும் என்று எனக்கொரு தட்டும் தனக்கொரு தட்டும் வைத்து, என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.