படகைத் தட்டும் சத்தம்

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து என் கணவர் இறந்த பிறகு, பழவேற்காட்டில் அவர் நடத்திய வலைக்கடையை நான் பார்த்துக்கொண்டேன். மத்தியானங்களில் மாடியில் தட்டும் சத்தம் கேட்டது. மீனை வலைக்குள் விரட்ட ஏரியில் படகின் விளிம்பைத் தட்டுவார்கள், அதே சத்தம். அவர்தான் வந்திருக்கிறார் என்று வலை வாங்க வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். நான் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து, அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

ஒருநாள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் என்னை அழைத்துக்கொண்டு மேலே ஏறினார். ஜன்னலில் கணவர் மாட்டிவைத்த பழைய வலை தொங்கியது. வாடைக்காற்றில் அதன் ஈயக்குண்டுகள் மரக்கதவில் மோதிக்கொண்டிருந்தன.

“இன்னா அண்ணி, இத்தப் போயி அண்ணன்னு சொல்லினு கீறாங்க,” என்று சிரித்தார்.

தலையாட்டிவிட்டு வலையை மடித்து வைத்தேன்.

மறுநாள் வலை வாங்க வந்தவர்கள் கடைக்குள் வந்தார்கள். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சத்தமில்லை. சாப்பிட்டுக் கை கழுவினேன்.